ஸ் போட்டால் பன்மை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஜன்னலோரம் நீங்களே வச்சுக்குங்க, எனக்கு எதிர்க்காத்து ஆகாது. நாமக்கல்லுங்களா? நானும் அங்கதான். கையில என்ன, பி.எட். கைடா? அப்ப வாத்தியார் ஆகப் போறீங்க. நல்லதுங்க. அந்தக் கைடுல இல்லாத ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. புள்ளைங்களுக்குப் பாடத்தை நடத்துங்க. பாடத்துக்கு வெளிய ஒரு வார்த்தை நடத்தாதீங்க. நடத்துனா என்ன ஆகும்னு நான் பட்டவன் சொல்றேன். இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு நேரம் நெறைய இருக்கு.

எம் பேரு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுல ஒரு உதவி பெறுற பள்ளியில சோசியல் வாத்தியார். இப்ப உதவி ஹெச்.எம். நான் படிச்சது பொருளாதாரம். சோசியலுக்கு ஆள் இல்லைன்னு போட்டாங்க, எடுத்தேன். இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒருத்தனும் குறை சொன்னதில்ல. வரலாத்துல என்னங்க இருக்கு? காரணம் அஞ்சு, விளைவு அஞ்சு. ரெண்டாம் உலகப் போரை நான் ரெண்டே பீரியடுல முடிச்சிருவேன். மொத பீரியடு காரணம், அடுத்த பீரியடு விளைவு. நடுவுல இருக்கற போரைப் புள்ளைங்களே படிச்சுக்கும்.

அதுலதான் ஹிட்லரு யூதாஸைக் கொன்னது வருது. ரெண்டு மார்க் கேள்வி. மூணு வரி நோட்ஸ் குடுப்பேன், அதை எழுதுனா முழு மார்க். யூதாஸ்னா தெரியுமில்லீங்க? ஒருத்தன்னா யூதா, பல பேருன்னா யூதாஸ். டீச்சர், டீச்சர்ஸ் மாதிரி. ஸ் போட்டாப் பன்மை. புஸ்தகத்துல யூதர்கள்னு இழுத்து எழுதியிருப்பான். நான் சுருக்கமா யூதாஸ்னு போர்டுல போட்டுருவேன். எங்கிட்டப் படிச்சு எத்தனை பேரு இஞ்சினீயர் ஆயிட்டான், ஒருத்தனும் வந்து சார் அது தப்புன்னு சொன்னதில்ல.

சொல்ல வந்தது எமல்டா. போன ஜூன்ல வந்த பொண்ணு. நாகர்கோயில் பக்கம். தற்காலிகம்தான், பெற்றோர் கழகத்துல இருந்து சம்பளம். எனக்கு உதவி ஹெச்.எம். வேலை சேர்ந்துட்டதால பத்தாம் வகுப்பைத் தூக்கி அதுகிட்டக் குடுத்தாங்க. வந்த மொத வாரம், வகுப்பைக் கைமாத்தறதுக்கு முன்னால நான் போர்டுல எழுதிட்டு வந்ததைப் பாத்துட்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்துருச்சு.

"சார், யூதர்ங்கிறது ஒரு ஜனம். யூதாஸ்ங்கிறது ஒரே ஒரு ஆளோட பேரு. கூடவே இருந்து காட்டிக் குடுத்தவன். அந்த ஒருத்தன் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த ஜனத்தையே காலகாலமா வதைச்சாங்க. நீங்களும் அதையே எழுதாதீங்க சார்."

எப்படி இருக்கு பாத்தீங்களா? நேத்து வந்த பொண்ணு எனக்கு இலக்கணம் சொல்லித் தருது. ஏம்மா, ஒரு எழுத்துக்கெல்லாம் மார்க் குறைக்க மாட்டான், போய்ப் பாடத்தைப் பாருன்னேன். எங்க ஊர்ல அர்த்தநாரீஸ்வரரைத் தெரியும், மத்த சாமி கதையெல்லாம் நான் எங்க போயிப் படிக்கறது? அதுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்.

சரி, பாடத்துக்கு வந்தாச்சு. நான் ரெண்டு பீரியடுல முடிக்கறதை அது ரெண்டு வாரம் இழுத்துச்சுங்க. அதுலயும் செத்தவங்களைப் பத்தி இல்ல. பொழைச்சவங்களைப் பத்தி. எந்தப் பரணுல ஒளிஞ்சாங்க, எந்தச் செவுத்துக்குப் பின்னால இருந்தாங்க, சின்னப் புள்ளைங்களுக்கு வேற பேரு வச்சு, வேற சாமி கும்பிடக் கத்துக் குடுத்து அடுத்த வீட்டுக்காரங்க எப்படி வளத்தாங்க, இதெல்லாம் கதை. பரீட்சையில வருமா? வராது. நான் நேராவே சொன்னேன். செத்தவங்க எத்தனை பேருன்னு சொன்னாப் போதும்மா, பொழைச்சவங்க கணக்கை எவனும் கேக்கமாட்டான்னேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா?

"பொழைச்சவங்க தானாப் பொழைக்கலை சார். ஒவ்வொருத்தருக்கும் பின்னால யாரோ ஒருத்தர் வாசல்ல நின்னு 'தெரியாது'ன்னு சொல்லியிருக்காங்க."

ஆக, பொய் சொல்லக் கத்துக் குடுக்கறேன்னு அதுவே ஒத்துக்கிச்சு. அன்னிக்கே நான் தாளாளர்கிட்டச் சொல்லியிருக்கணும். நம்ம நல்ல குணம், விட்டுட்டேன்.

ஒரு நாள் வராந்தாவுல போறேன், பத்தாம் வகுப்புல சத்தமே இல்ல. வாத்தியார் வரலை, புள்ளைங்களைக் கிரவுண்டுக்கு வெரட்டிட்டாங்க போலன்னு எட்டிப் பாத்தேன். அத்தனையும் உக்காந்திருக்கு. இருமல் இல்ல, பெஞ்சு அசையற சத்தம்கூட இல்ல. எம் மக தாரணியும் அந்த வகுப்புதான், மூணாவது பெஞ்சுல கையால வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா. என்னம்மா இதுன்னேன். ஒளிஞ்சிருந்தவங்க பகல்ல இப்படித்தான் இருந்தாங்க சார், ஒரு பீரியடாவது இருந்து பாக்கறோம்னுச்சு. நான் பிரம்பை வச்சுக்கிட்டு இத்தனை வருசத்துல வாங்காத அமைதி. அதை எதுக்குச் செலவு பண்ணுச்சு பாருங்க. அந்த நேரத்துல ரெண்டு மேப் போட்டிருக்கலாம்.

அப்புறம் அதுங்ககிட்ட ஒரு கேள்வி வேற. உங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்து ஒளிய இடம் கேட்டா எங்க வைப்பீங்கன்னு. நான் கதவுக்கு வெளியதான் நிக்கறேன். ஒருத்தன் தறிக்குழிங்கறான், ஒருத்தி குதிருங்கறா. கோழிக்கூடுன்னு ஒண்ணு சொல்லுச்சு, அதுக்கு ஒரே சிரிப்பு. தாரணி முறை வந்துச்சு. "எங்க வீட்டுல இடம் இருக்கு மிஸ். ஆனா அப்பா இருக்காரு"ன்னா. வகுப்பே கம்முனு ஆயிருச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க. அப்பா இருக்காரு, அவரு பாத்துக்குவாருன்னு அத்தனை பேருக்கு முன்னால சொல்றா பாருங்க. பொண்ணைப் பெத்தா இப்படிப் பெறணும்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன்.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். அந்த வகுப்புல இளவேணின்னு ஒரு புள்ள. நல்லாப் படிக்கும். அப்பா செங்கோடன், ரிக் வண்டி வச்சிருக்காரு, ஆந்திரா கர்நாடகான்னு போர்வெல் போட்டுக்கிட்டுச் சுத்தற மனுசன். எங்க ஸ்டாஃப் ரூம் ஃபேன் ரெண்டும் அவரு குடுத்தது. ரெக்கையில பேரு எழுதியிருக்கும், ஃபேன் நிக்கும்போது படிக்கலாம். கரண்ட் போறப்பல்லாம் நாங்க அவரை நினைச்சுக்குவோம். அவரு பொண்ணுக்குத் தை கடைசியில கல்யாணம் வச்சுட்டாரு. மாப்பிள்ளை சொந்தத் தாய்மாமன்தான், வெளிய இல்ல. பையனுக்கு முப்பது வயசு இருக்கும், வண்டியெல்லாம் அவன் பொறுப்புல ஓடுது. புள்ளைக்குப் பதினஞ்சு. தப்புத்தான், சட்டப்படி தப்புத்தான். நான் இல்லைங்கலை. ஆனா அது அவங்க குடும்ப விசயம். பரீட்சை எழுதிட்டுப் பண்ணுங்களேன்னு நானே அவருக்கு ஒரு வார்த்தை சொன்னேன். ரிசல்ட்டுல எங்களுக்கு ஒரு சென்டம் போயிருமில்ல.

அந்தப் புள்ள ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகலை. வெள்ளிக்கிழமை காலையில செங்கோடன், மாப்பிள்ளை ஆகப்போற அந்த மச்சினனோட வந்து நிக்கறாரு. ஹெச்.எம். ஊர்ல இல்ல, நான்தான் பொறுப்பு. கூட்டிக்கிட்டு பத்தாம் வகுப்புக்குப் போனேன். புள்ளைங்களா, இளவேணி எங்கேன்னேன்.

நீங்க ஒரு வகுப்பைப் பாத்தா தெரிஞ்சுக்குவீங்க. சாக்பீஸ் எறிஞ்சது யாருடான்னா நாலு கை ஒருத்தனை நோக்கி நீளும். அதுதான் வகுப்பு. அன்னிக்கு ஒரு கை நீளலை. ஒவ்வொருத்தனா எழுப்பிக் கேட்டேன். தெரியாது சார். தெரியாது சார். தெரியாது சார். கண்ணைப் பாத்துச் சொல்லுதுங்க. செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாரு, மச்சினன் அதட்டிக் கேட்டான், அதே பதில்தான். எம் மக மட்டும் மாத்திச் சொல்லுவான்னு கடைசியாக் கேட்டேன். எந்திரிச்சா. "தெரியாதுங்க சார்"னா. பள்ளிக்கூடத்துல அவ என்னைச் சார்னுதான் கூப்பிடணும், அது நான் போட்ட ரூல். ஆனா அன்னிக்கு அந்தச் சாரு ஒரு மாதிரி இருந்துச்சு.

எமல்டா பெஞ்சுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு. மூஞ்சியில ஒண்ணுமில்ல. நான் பாக்கறதைப் பாத்துட்டு அதுவும், "தெரியாது சார்"னுச்சு. நான் அதுகிட்டக் கேக்கவே இல்லீங்க.

நான் சும்மா விடற ஆளா? சனிக்கிழமை சாயங்காலம் அது குடியிருக்கற தெரு வழியா வண்டியில போனேன். சும்மா போற மாதிரிதான். மாடி போர்ஷன். மேல பாத்தா கொடியில எங்க பள்ளிக்கூட யூனிபார்ம் காயுது. டீச்சரா யூனிபார்ம் போட்டுக்கிட்டு வருது? ஒத்தையாளு ரெண்டு பால் பாக்கெட் வேற வாங்கிட்டுப் போச்சுன்னு கடைக்காரன் சொன்னான். கண்ணு இருந்தாப் போதுங்க, பெரிய படிப்பெல்லாம் எதுக்கு? நேரா வீட்டுக்கு வந்து செங்கோடனுக்குப் போன் போட்டேன். ஐயா, உங்க பொண்ணு பத்திரமா இருக்கு, இன்ன தெரு, இன்ன வீடு, மாடின்னு சொன்னேன். பெத்தவன் தவிக்கறான், தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லாம இருந்தா நான் மனுசனா? அவரு ஈரோட்டுல உறவுக்காரங்க வீட்டுல தேடிக்கிட்டிருந்தாரு. இதா வந்துடறேன்னாரு.

நான் பேசறப்ப தாரணி இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தா. பாதியில எந்திரிச்சு, டியூஷன்ல நோட்டை விட்டுட்டேன்னு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எம் மனைவி குணவதி, இருட்டறதுக்குள்ள வந்துரு கண்ணுன்னு சொல்லி அனுப்புறா. தட்டுல இட்லி அப்படியே கெடக்குது. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குச் சோத்தோட அருமை எங்க தெரியுது? நான் டி.வி.யைப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்.

செங்கோடன் நாலு ஆளோட போயி எமல்டா வீட்டைத் தலைகீழாப் புரட்டியிருக்காரு. பொட்டியைக் கொட்டி, கட்டிலைத் தூக்கி, தண்ணித் தொட்டி வரைக்கும் பாத்தாச்சு. ஒண்ணுமில்ல. யூனிபார்ம்கூடக் கொடியில இல்ல. அங்கிருந்து நேரா என் வீட்டுக்கு வந்துட்டாங்க, என்ன வாத்தியாரே தப்பாச் சொல்லிட்டீங்கன்னு. எனக்கு அவமானமாப் போச்சுங்க. கூடத்துல உக்கார வச்சு, குணவதியக் காப்பி போடச் சொன்னேன். அவளும் போட்டுக் கொண்டாந்து ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்தா. சக்கரை போதுங்களான்னு வேற கேட்டா. மச்சினன் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிச்சான். அந்தச் சமயம் பாத்து மேல ஒரு இருமல் கேட்டுச்சு. மாடியில ஒரே ஒரு ரூம், படி கொல்லைப் பக்கம், என் பழைய நோட்ஸ், ஆன்சர் பேப்பர் கட்டெல்லாம் அடுக்கியிருக்கும், யாரும் போறதில்ல. இருமல் கேட்ட அதே நொடி குணவதிக்கு இருமல் வந்துருச்சு. விடாம இருமறா. ஒரு கசாயம் வச்சுக் குடியேன்னேன். சரிங்கன்னா.

ஞாயித்துக்கிழமையும் அப்படியே போச்சு. ரெண்டு பொம்பளைங்களும் வீட்டுல பூனை மாதிரி நடக்கறாங்க. நான் எதையும் கண்டுக்கலை.

திங்கக்கிழமை காலையில வாசல்ல ஜீப்பு வந்து நிக்குது. குழந்தைங்க உதவி மையத்துல இருந்து ஒரு அம்மா, ஒரு பெண் போலீசு. தெருவே வேடிக்கை பாக்குது. தகவல் சொன்னவருன்னு என்னைத் தேடி வந்திருக்காங்க போலன்னு சட்டையை மாட்டிக்கிட்டு முன்னால போனேன். வாங்கம்மா, நான்தான் அர்த்தநாரின்னேன். அந்தம்மா என்னைத் தாண்டி உள்ள பாக்குது. குணவதி மாடிக்குப் போயி இளவேணியக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வர்றா. தாரணியோட பாவாடை, தாரணியோட சட்டை. தலை பின்னிப் பூ வச்சிருக்கு. எம் மக அழுவுறா, அந்தப் புள்ள அழுவுது, ரெண்டும் கட்டிக்கிட்டு விடமாட்டேங்குது. ரெண்டு நாளு என் நோட்ஸ் கட்டுக்குப் பின்னாலயே உக்காந்திருந்திருக்கு. நான் இங்க உக்காந்து அதைத் தேடறவங்களுக்குக் காப்பி குடுத்துக்கிட்டிருந்திருக்கேன்.

ஜீப்பு போனப்புறம் கேட்டேன். என் வீட்டுலயே என்னை ஏமாத்தறீங்களா, ஊர்ல வேற வீடே கெடைக்கலையான்னேன். குணவதி முந்தானையில கையத் துடைச்சுக்கிட்டே சொல்றா.

"அவங்க தேடாத வீடு ஊர்ல இது ஒண்ணுதானுங்களே."

அது உண்மைதான். என் வீடுன்னா அப்படி ஒரு மதிப்பு. ஒருத்தன் சந்தேகப்படமாட்டான். ஆனா அதை அவ சொன்ன விதம் எனக்குப் புடிக்கலை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை நேராப் பாத்து அவ பேசுனது அன்னிக்குத்தான்.

கல்யாணம் நின்னு போச்சு. செங்கோடன் எழுதிக் குடுத்துட்டாரு, பதினெட்டு ஆகற வரைக்கும் பண்ணமாட்டேன்னு. புள்ள நாமக்கல்ல ஒரு ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. அங்க இருந்தே பரீட்சை எழுதுமாம். எமல்டாவைத் தாளாளர் நிறுத்திட்டாரு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ணலீங்க. உள்ளதைக் கேட்டாரு, உள்ளதைச் சொன்னேன். அது போற அன்னிக்குப் பத்தாம் வகுப்பு மொத்தமும் எந்திரிச்சு, பள்ளிக்கூட கேட் வரைக்கும் கூடவே நடந்து போச்சு. ஒரு சத்தமில்ல. அந்தப் பொண்ணு கத்துக் குடுத்த மிச்சம் அதுதான், சத்தமில்லாம இருக்கறது. இன்னிக்கு வரைக்கும் என் பீரியடுல அப்படியேதான் இருக்குதுங்க. கேள்வி கேட்டாப் பதில் சொல்லும், உக்காருன்னா உக்காரும். அவ்வளவுதான்.

இன்னிக்கு நான் போறதே அந்த விசயமாத்தான். குழந்தைகள் நலக் குழுவுல இருந்து போன் வந்துச்சு, நேர்ல வந்து விளக்கம் குடுங்கன்னு. சாட்சிக்குத்தான் கூப்பிட்டிருப்பாங்க. புள்ள இருந்த இடத்தைக் கண்டுபுடிச்சுச் சொன்னவன் நான்தானுங்களே. குணவதியையும் வாயேன்னேன், வரலைன்னுட்டா.

இன்னொண்ணு சொல்லணும், அதுக்குத்தான் உங்களைப் புடிச்சு உக்கார வச்சேன். எமல்டா போனதும் பத்தாம் வகுப்பு மறுபடி என் கைக்கு வந்துச்சா. மொத நாள் உள்ள போறேன். போர்டுல அகலமா, நடுவுல, ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கு. யூதாஸ். வேற ஒண்ணுமில்ல. அத்தனையும் கையக் கட்டிக்கிட்டு என்னையே பாக்குது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியுங்க. சிலேட்டுல கையப் புடிச்சு நான் எழுதப் பழக்குன கையெழுத்து. 'ஸ்' மேல புள்ளி வைக்காம சின்ன வட்டமாப் போடுவா, எத்தனை தடவை திருத்துனாலும் அது மட்டும் மாறலை.

பாடத்தைத்தான் எழுதியிருக்கான்னு மொத நினைச்சேன். அப்புறம் யோசிச்சா வேற மாதிரி தெரிஞ்சுது. வீட்டுலயும் வெளியிலயும் எல்லாருமாச் சேர்ந்து என்னை ஒதுக்கி வதைக்கறாங்கல்ல? ஹிட்லரு அவங்களை வதைச்ச மாதிரி. அது எம் புள்ளைக்குப் புரிஞ்சிருக்கு. ஒருத்தனைச் சொல்றதுன்னா யூதான்னு எழுதியிருக்கணும். ஸ் போட்டிருக்கா. நம்ம தமிழ்ல ஒருத்தருக்கு மரியாதை குடுத்தாப் பன்மையிலதானே சொல்லுவோம், வந்தார்கள், சொன்னார்கள்னு? அந்த மாதிரி. நான் அதை அழிக்கலை. பக்கத்துல கொஞ்சம் இடம் இருந்துச்சு, அதுல காரணம் அஞ்சையும் எழுதிட்டு வந்தேன்.

எமல்டா வேற அர்த்தம் சொல்லுச்சுதான். கூட இருந்தே காட்டிக் குடுத்தவன்னு. அதெல்லாம் ரெண்டு வாரம் நடத்துன பொண்ணு சொன்னது, புள்ளைங்க மனசுல நிக்குங்களா? நான் இருபது வருசமா நடத்துனதுதான் நிக்கும். எம் மக எங்கிட்டப் படிச்சவ. அவ போயி அந்த அர்த்தத்துல எழுதுவாளா? எழுதமாட்டா. வீட்டுல இப்ப என்னை அப்பான்னு கூப்பிடறதில்ல. சாப்பிட வாங்கன்னுதான் சொல்றா, அதுவும் செவுத்தைப் பாத்து. அதுவும் மரியாதைதானுங்களே, வாங்கன்னுதானே சொல்றா?

ஏனுங்க, எந்திரிச்சிட்டீங்க? நாமக்கல் இன்னும் வரலீங்களே. நின்னுக்கிட்டு வர்றீங்களா, எதுக்கு, எடந்தான் இருக்கே. சரி, சரி, உங்க இஷ்டம். அந்தக் கைடுல இருந்தா ஒரே ஒரு தடவை பாத்து மட்டும் சொல்லிட்டுப் போங்க. ஸ் போட்டாப் பன்மைதானுங்களே?